டெக் எழுத்துரு அட்டவணைகளைப் பராமரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு அச்சுக்கோப்பு வேலைக்குப் போகிறவர்கள் பலருண்டு. அந்த ஊரில் டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு நிரல் பழகிய பெயர். வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் கணிதப் பக்கங்கள் பல ஆண்டுகளாக அங்கே டெக்கில் கோக்கப்படுகின்றன. இந்திய டெக் பயனர் குழு 1998-இல் அங்கேதான் தொடங்கியது. 2002 செப்டம்பரில் உலக டெக் பயனர் மாநாடும் அங்கேயே நடந்தது. அப்படிப் பழகிய கைகள் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் டெக் கோப்பைத் திறக்கும்போது முட்டி நிற்கிற இடம் பெரும்பாலும் எழுத்துரு அட்டவணைதான். அந்த இடத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அட்டவணை என்பது எழுத்துருவேதானே? ஏன் தனியாகப் பேச வேண்டும்?

இரண்டும் வேறு. டெக் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. பெட்டியின் அகலம், உயரம், ஆழம், சாய்வுத் திருத்தம் (சாய்ந்த எழுத்து வலப்பக்கம் நீண்டிருப்பதற்கு ஈடு) ஆகிய எண்கள் மட்டும் அதற்குப் போதும். அந்த எண்கள் இருக்கும் கோப்பு டிஎஃப்எம் (டெக் ஃபாண்ட் மெட்ரிக்). அட்டவணை என்று நான் சொல்வது இதைத்தான். இந்த அமைப்பை 1980-இல் லைல் ராம்ஷா வகுத்தார். எண்களை வைத்து டெக் வரிகளை உடைக்கும், பக்கத்தை நிரப்பும், பிறகு டிவிஐ என்ற வெளியீட்டுக் கோப்பில் "இந்த எழுத்துருவில் இத்தனையாம் எழுத்தை இந்த இடத்தில் வை" என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மை படும் வடிவத்தைத் தேடி எடுத்து வைப்பது டிவிஐபிஎஸ் போன்ற இன்னொரு நிரலின் வேலை.

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிற மண் கன்னியாகுமரி மாவட்டம். பராமரிப்பு கேரள அரசு. எழுத்துருவும் அப்படி இரண்டு கைகளில் இருக்கிறது. அளவு டெக்கிடம், வடிவம் அச்சு நிரலிடம். இருவரும் வைத்திருப்பது ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு.

உள்ளே என்னதான் இருக்கிறது?

டிஎஃப்எம் இரும வடிவக் கோப்பு; எடிட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும். டிஎஃப்-டு-பிஎல் என்ற நிரல் அதைப் படிக்கக்கூடிய பட்டியலாக விரிக்கும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் பிஎல். திருத்தி முடித்ததும் பிஎல்-டு-டிஎஃப் அதைத் திரும்ப இருமமாக்கும். இரண்டும் எந்த டெக் நிறுவலிலும் உண்டு.

டெக்கை எழுதிய டொனால்ட் குனுத் உருவாக்கிய சிஎம்ஆர்10 எழுத்துருவை (அவருடைய கம்ப்யூட்டர் மாடர்ன் வரிசையில் ஒன்று) விரித்துப் பாருங்கள், பழக நல்ல கோப்பு. ஆங்கிலப் பெரிய 'ஏ'யின் (A) அகலம் 0.750002, உயரம் 0.683332. சொல்லிடைவெளி 0.333334, அது நீளக்கூடிய அளவு 0.166667, சுருங்கக்கூடிய அளவு 0.111112. எல்லாம் வடிவமைப்பு அளவின், அதாவது எழுத்துரு எந்தப் பாயின்டுக்காக வரையப்பட்டதோ அந்த அளவின், மடங்குகள். 10 பாயின்ட் எழுத்துருவில் 0.75 என்றால் ஏழரை பாயின்ட். ஒவ்வோர் எழுத்தின் கீழும் கெர்னிங் எண்களும் (அடுத்த எழுத்தை எவ்வளவு நெருக்குவது, விலக்குவது) லிகேச்சர் கட்டளைகளும் (இரண்டு எழுத்தை ஒரே உருவமாக்குவது) வரும். 'ஏ'யை அடுத்து 'வி' (V) வந்தால் 0.111112 உள்ளே இழு என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

0.750002-இல் கடைசியில் நிற்கும் 2-ஐ அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். எழுத்துருவை வரைந்த மெட்டாஃபாண்ட் நிரல் எண்களை 65536-இல் ஒரு பங்காகத்தான் வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் விழுந்த மிச்சம் அது. வெட்டினால் கோப்பு வேறு கோப்பாகிவிடும்.

ஓர் எழுத்தின் அகலம் தவறு என்று கண்ணுக்கே தெரிகிறது. திருத்திவிடலாமா அண்ணா?

அதே பெயரில் திருத்தக் கூடாது. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 10 பாயின்ட் எழுத்துருவில் 'க'வின் அகலத்தை 0.01 மட்டும் கூட்டுகிறீர்கள். ஒரு 'க'வுக்கு 0.1 பாயின்ட், கண்ணுக்கே தெரியாது. ஒரு வரியில் ஆறு 'க' வந்தால் 0.6 பாயின்ட். ஆங்கில வரியில் சொற்கள் குட்டையாக இருப்பதால் இடைவெளிகள் அதிகம்; கூடுதல் எங்காவது கரைந்துபோகும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு ஐந்து இடைவெளி கிடைத்தாலே பெரிது. இடைவெளி அளவுகள் சிஎம்ஆர்10-இல் உள்ளவையே என்று கொண்டால் ஐந்தும் சேர்ந்து சுருங்கக்கூடியது ஐந்தரை பாயின்ட் சொச்சம். உங்கள் 0.6 அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். டெக் வரிகளைத் தனித்தனியாக உடைப்பதில்லை. பத்தி முழுவதையும் ஒருசேர எடைபோட்டுத்தான் எங்கே உடைப்பது என்று தீர்மானிக்கும். ஆகவே ஏழாம் வரியில் ஏற்பட்ட மாற்றம் இரண்டாம் வரியை உடைத்து எழுதவும் கூடும். பத்தி ஒரு வரி நீளும், பக்கம் தள்ளும், பொருளடக்கமும் சொல்லடைவும் பொய்யாகும். உங்கள் கண்ணில் பட்டது ஒரு புத்தகத்தின் ஒரு 'க'. அந்த அட்டவணையை நம்பி இன்னும் எத்தனை புத்தகங்கள் கிடக்கின்றன என்று திருத்தும்போது யாருக்கும் தெரியாது.

திருத்த வேண்டும் என்றால் புதிய பெயர் கொடுங்கள். பழைய புத்தகம் பழைய பெயரைக் கேட்கும், பழைய எண்களைப் பெறும். புதிய புத்தகம் புதிய பெயரைக் கேட்கட்டும். குனுத் தம் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்களுக்கு வைத்த நிபந்தனையும் இதுவே: யாரும் மாற்றலாம், ஆனால் மாற்றியதைப் பழைய பெயரில் வெளியிடக் கூடாது. 1992-இல் அவரே சில வடிவங்களைச் செம்மைப்படுத்தினார். கிரேக்க டெல்டா மாறியது, அம்புக்குறிகளின் தலைகள் மாறின. எழுத்துகளின் அகல, உயர, ஆழங்களை அவர் தொடவில்லை. பழைய ஆவணங்கள் அதே வரிகளில், அதே பக்கங்களில் வந்து நின்றன. வடிவத்தை மாற்றியபோதும் அளவைக் காத்த அந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

செக்சம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. அச்சு நன்றாகத்தானே வருகிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். டிஎஃப்எம் தலைப்பில் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. டெக் அதை டிவிஐ கோப்பில் எழுதி வைக்கும். அச்சு நிரல் தன்னிடமுள்ள வடிவக் கோப்பின் எண்ணோடு ஒப்பிடும். இரண்டும் வேறாக இருந்தால், டெக் கணக்குப் போட்ட எழுத்துரு ஒன்று, அச்சாகும் எழுத்துரு இன்னொன்று. வித்தியாசம் சின்னதாக இருந்தால் முதல் பக்கத்தில் தெரியாது; நெருக்கமான வரியில், அட்டவணைக் கட்டத்தில், சமன்பாட்டில் பல்லைக் காட்டும்.

எச்சரிக்கை வராமல் போவது இதைவிட மோசம். பிஎல் கோப்பில் அகலத்தை மாற்றிவிட்டு, மேலே செக்சம் எழுதிய வரியை அப்படியே விட்டால், பிஎல்-டு-டிஎஃப் அந்தப் பழைய எண்ணையே நம்பி எழுதிவிடும். எண்கள் மாறிய கோப்பு மாறாத முத்திரையோடு உலவும். அந்த வரியை நீக்கிவிட்டால் நிரல் அகலங்களிலிருந்து புதிய எண்ணைத் தானே கணக்கிடும். ஆகவே அகலத்தைத் தொட்ட மறுநொடியே செக்சம் வரியை நீக்குங்கள்.

"சில உயரங்களைத் தோராயமாக்க வேண்டியிருந்தது" என்று பிஎல்-டு-டிஎஃப் சொல்கிறது. ஆங்கில எழுத்துருவில் இது வருவதில்லை. தமிழில் மட்டும் ஏன்?

தமிழ் எழுத்துரு செய்யும் யாரும் தப்பாமல் வந்து சேரும் இடம் இது. டிஎஃப்எம் அமைப்பில் ஓர் எழுத்துக்கான விவரம் 32 பிட்டுகளில் அடங்க வேண்டும். அதில் அகலத்துக்கு 8 பிட், உயரத்துக்கு 4, ஆழத்துக்கு 4, சாய்வுத் திருத்தத்துக்கு 6. இவை நேரடி எண்கள் அல்ல, தனியாக உள்ள பட்டியலில் எத்தனையாவது என்று காட்டும் சுட்டிகள். ஆக ஓர் எழுத்துருவில் 256 வெவ்வேறு அகலங்கள் இருக்கலாம், உயரங்கள் 16 மட்டுமே, ஆழங்களும் 16 மட்டுமே. ஒவ்வொரு பட்டியலிலும் முதல் இடம் பூஜ்யத்துக்குப் போய்விடும். மிஞ்சுவது 15.

ரோமன் எழுத்துகளுக்கு இது தாராளம். பெரிய எழுத்தெல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரம். கீழே இறங்குபவை சில. தமிழிலோ 'க' ஒரு உயரம், 'க்' புள்ளியோடு ஒரு உயரம், 'கி' ஒன்று, 'கீ' ஒன்று. 'டி', 'டீ' தனி உருவங்கள். கீழே போனால் உகர ஊகார வரிசை: கு, சு, து, மு, ரு, ளு, மூ, ஞூ என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் கால் நீட்டும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்று கிரந்த எழுத்துகளும் சேர்ந்தால் 15 எங்கே போதும்?

கூடுதலாக வந்தால் நிரல் தானே பக்கத்துப் பக்கத்து எண்களைச் சேர்த்துக் கட்டி, எவ்வளவு நகர்த்தியது என்று சொல்லும். பெரும்பாலான நேரம் ஆபத்தில்லை. ஆனால் அதன் கையில் விடாதீர்கள் என்பேன். அதற்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. முதலில் நீங்களே குடும்பம் பிரியுங்கள்: புள்ளி எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே உயரம், இகர வரிசைக்கு ஒன்று, ஈகார வரிசைக்கு ஒன்று, சுழி சிறிதாக இறங்குபவைக்கு ஓர் ஆழம், 'மூ' போல நன்றாக இறங்குபவைக்கு இன்னொன்று. ஒவ்வொரு குடும்பத்திலும் மிக உயர்ந்ததன், மிக ஆழ்ந்ததன் எண்ணையே எல்லோருக்கும் கொடுங்கள். அப்போது எந்த எழுத்தும் தன் பெட்டிக்கு வெளியே நீளாது.

சிலர் எல்லா எழுத்துக்கும் ஒரே உயரம், ஒரே ஆழம் எழுதி முடித்துவிடுகிறார்கள். பத்திக்குள் வேலை நடக்கும். ஆனால் சட்டம் போட்ட பெட்டி, அடிக்கோடு, பட்டியல் கட்டம் எதுவும் எழுத்தை ஒட்டி நிற்காது. எனக்கு அது ஏற்பில்லை.

தமிழ்ப் பத்தியில் சில வரிகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி கூடுகிறது. இதுவும் அட்டவணைக் கோளாறா?

அட்டவணை உண்மையைச் சொல்வதால் வருவது. மேல் வரியில் 'மூ'வும் அதற்கு நேர் கீழ் வரியில் 'கீ'யும் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வரியில் எங்கிருந்தாலும் டெக் வரியின் மொத்த ஆழத்தையும் உயரத்தையும்தான் கூட்டும். நீங்கள் கொடுத்த வரி இடைவெளிக்குள் அவை அடங்காவிட்டால் அந்த இரண்டு வரிகளை மட்டும் தள்ளி வைக்கும். அட்டவணையைக் குறைத்து எழுதி மறைக்காமல் வரி இடைவெளியைக் கூட்டுங்கள். 10 பாயின்டுக்கு 12 என்ற ஆங்கிலப் பழக்கம் தமிழுக்கு நெருக்கடி.

'கொ', 'கோ' எழுத்துகளை லிகேச்சர் கட்டளையில் செய்ய முடியாதா?

உள்ளீட்டில் 'க'வுக்குப் பின் ஒகரம் வருகிறது, அச்சில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டும். டிஎஃப்எம் லிகேச்சர்கள் இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கத்தான் பிறந்தவை, வரிசை மாற்ற அல்ல. அதனால்தான் அந்தக் காலத்து இந்திய மொழி டெக் ஏற்பாடுகள் பலவற்றில் ஒரு முன்செயலி இருந்தது. ரோமன் ஒலிபெயர்ப்பில் அடித்ததை அது கண்ணால் காணும் வரிசைக்கு மாற்றி டெக்கிடம் கொடுக்கும். 1990-இல் வந்த டெக் 3 வரை உள்ளீடே 7 பிட் என்பதும் ஒரு காரணம்.

வரிசை சரியாகி வந்த பிறகு லிகேச்சர் அருமையாக உழைக்கும். அடுத்த கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

1978-க்கு முந்தைய புத்தகத்தைப் பழைய லை, ணை, றா வடிவங்களோடே மறுபதிப்புச் செய்ய வேண்டும். மொத்தமாக மாற்றிப்போடலாமா?

தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு எழுத்தோடு ஒட்டியே வரும். ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காமல் உடலோடு சுழியும். கேரளத்திலும் 1971-இல் மலையாள எழுத்துகள் தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஏற்பச் சீர்திருத்தப்பட்டன. அங்கே கூட்டெழுத்துகள் பிரிந்தன, உகரக் குறிகள் எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றன. எல்லையின் இருபுறமும் பழைய புத்தகம் எடுப்பவர்களுக்கு இரண்டு காலத்து வடிவமும் தேவைப்படும்.

மூலக் கோப்பில் தேடி மாற்றுவது வேண்டாம். அட்டவணையில் செய்யுங்கள். காணும் வரிசையில் ஐகாரக் குறி முதலில், 'ல' பிறகு வருகிறது அல்லவா? ஐகாரக் குறியின் கீழ் "அடுத்து ல வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழைய லை உருவத்தை வை" என்று ஒரு லிகேச்சர் வரி. 'ற'வின் கீழ் "அடுத்து கால் வந்தால் பழைய றா" என்று ஒரு வரி. 'றொ'வுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. கொம்பு முன்னால் நிற்கும், மீதி றாவாகத் தானே கூடிவிடும். ஒரே வடிவக் கோப்பில் பழைய உருவங்கள் காலி இடங்களில் இருக்கட்டும். அட்டவணை மட்டும் இரண்டு: லிகேச்சர் வரிகள் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. பெயரும் இரண்டு. எந்தப் பெயருக்கு எந்த வடிவக் கோப்பு என்று அச்சு நிரலுக்குச் சொல்லும் மேப் கோப்பில் இரண்டு பெயரையும் அதே வடிவத்துக்குக் காட்டிவிடலாம். மூலப் பிரதியில் ஓர் எழுத்துகூட மாறாது.

பழைய 'லை' ஒரே பெட்டி, புதிய 'லை' இரண்டு பெட்டி. அகலம் வேறு. ஆகவே பக்கங்கள் மாறும், ப்ரூஃப் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

256 எழுத்துக்கு மேல் வேண்டும் என்றால்?

விர்ச்சுவல் ஃபாண்ட். ஒரு விர்ச்சுவல் எழுத்து, வேறு வேறு எழுத்துருக்களிலிருந்து உருவங்களை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் ஒரு டிஎஃப்எம் உண்டு, அதிலும் 256 இடம், 16 உயரம் என்ற வேலி அப்படியே இருக்கும். எண்ணிக்கை கூட வேண்டுமானால் இரண்டு எழுத்துருவாகப் பிரிப்பதுதான் வழி. ஆனால் இரண்டு எழுத்துருக்களுக்கு நடுவே கெர்னிங்கும் லிகேச்சரும் வேலை செய்யாது. அடிக்கடி அருகருகே வரும் எழுத்துகளை ஒரே பக்கம் வையுங்கள்.

டிராஃப் அட்டவணைகளும் இப்படித்தானா?

டிராஃப் (troff) யூனிக்ஸின் பழைய அச்சுக்கோப்பு நிரல். எண்ணம் ஒன்றே, உருவம் வேறு. ஜோ ஒசானாவின் முதல் டிராஃப், சிஏடி என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டது. ஒரே நேரத்தில் நான்கு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் 102 எழுத்து, அவ்வளவுதான். அவர் 1977-இல் இறந்த பிறகு பிரயன் கெர்னிகன் 1979-இல் அதை எந்த இயந்திரத்துக்கும் பொருந்துமாறு மாற்றி எழுதினார். அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விவரக் கோப்பு, ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு கோப்பு என்று ஆனது. அவை சாதாரண உரைக் கோப்புகள். எந்த எடிட்டரிலும் திறக்கலாம். ஒரு வரிக்கு ஓர் எழுத்து: பெயர், அகலம், மேலே ஏறுமா கீழே இறங்குமா என்று சொல்லும் 0 முதல் 3 வரை ஓர் எண், பிறகு குறியெண்.

டிராஃபின் இன்றைய வடிவமான ஜிராஃப் நிரலில், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழிக்கான அட்டவணையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. டைம்ஸ் ரோமனில் பெரிய 'ஏ' 722, சொல்லிடைவெளி 250, 'ஏ'க்கும் 'வி'க்கும் இடையே கெர்னிங் −135. படிக்க எளிது என்பதாலேயே டிராஃப் அட்டவணைகளில் போகிற வருகிறவர்கள் கை வைத்துவிடுகிறார்கள். பெயர் மாற்றாமல் திருத்தாதே என்ற விதி அங்கே இன்னும் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் காட்டிக்கொடுக்க அந்த உரைக் கோப்பில் செக்சம் இல்லை.

பக்கம் முழுவதுமே ஒரு மயிரிழை பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறதே?

டெக்கின் ஒரு அங்குலம் 72.27 பாயின்ட், போஸ்ட்ஸ்கிரிப்டின் ஒரு அங்குலம் 72. டெக்கில் 10 பாயின்ட் என்பது போஸ்ட்ஸ்கிரிப்டில் 9.963. எங்கோ ஒரு கோப்பில் வடிவமைப்பு அளவை மற்றதன் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

டிஎஃப்எம் கோப்பைச் சரியான டைரக்டரியில் போட்டும் டெக் காணவில்லை என்கிறது.

கோப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் டெக்ஸ்ஹேஷ் கட்டளையை ஓட்டுங்கள். அதே பெயரில் இன்னொரு கோப்பு வேறு டைரக்டரியில் இருக்கிறதா என்பதையும் கேபிஎஸ்-விச் கட்டளையால் பாருங்கள். இரண்டாவது காரணம்தான் அதிக நேரம் விழுங்கும்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு இந்த அட்டவணைகளைத் தூக்கிப்போட்டால் என்ன?

உரையை மாற்றுங்கள், கட்டாயம் மாற்றுங்கள். தேடவும் படிக்கவும் நாளை பயன்படப்போவது யூனிகோடு உரைதான். 2004-இல் வந்த ஜீடெக் (யூனிகோடு படிக்கும் டெக்) தொடங்கி, புதிய நிரல்கள் இன்றைய ஓப்பன்டைப் வகை எழுத்துருவுக்குள் இருக்கும் அளவுகளையே நேரடியாகப் படிக்கின்றன. புதிய புத்தகத்துக்கு டிஎஃப்எம் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாற்றுவதற்கே பழைய அட்டவணை வேண்டும். அந்த எழுத்துருவில் 183-ஆம் இடத்தில் 'ணு'வா 'னு'வா என்று சொல்வது யார்? இரண்டு பேர் செய்த இரண்டு எழுத்துருவில் அதே எண்ணில் வேறு எழுத்து உட்கார்ந்திருக்கும். உரையை யூனிகோடாக்கும்போது கொம்பைத் திரும்ப எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அதற்கும் எந்த எண் கொம்பு என்று தெரிந்தாக வேண்டும். பிறகு, ஒருவர் 1990-களில் வந்த ஆய்வு நூலின் 214-ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே எழுப்பித் தருவது பழைய அட்டவணை ஒன்றுதான்.

சரி, எதை எதைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

டிஎஃப்எம் மட்டும் போதாது. பிஎல் கோப்பை மூலமாகக் கருதிச் சேர்த்து வையுங்கள். அதில் எழுதும் குறிப்புரைகள் டிஎஃப்எம் ஆகும்போது அழிந்துவிடும். மேப் கோப்பு, வடிவக் கோப்பு, முன்செயலி மூன்றும் வேண்டும். முன்செயலியை நிரலாக மட்டும் வைக்காதீர்கள், மூல நிரலோடு வையுங்கள். எண்ணுக்கு எழுத்து எது என்று காட்டும் ஒரு பக்க அச்சுப் படம், தாளிலேயே. குறிப்புரையில் யார், எப்போது, எந்தப் புத்தகத்துக்காக, எந்தப் பெயரிலிருந்து பிரிந்தது என்று எழுதுங்கள். தமிழில் எழுதலாம், யூனிகோடில் தனிக் கோப்பாக அருகில் வைத்துவிட்டால் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர் பாறசாலைக்காரரானாலும் நாகர்கோவில்காரரானாலும் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கலாம்.